எங்கள் ஊரில் நோய் கிடையாது

பெரிய அதிகாரி ஒருவர் எங்கள் குப்பத்துக்கு வரப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதுவரை நான் கண்ட பெரிய விஷயம் ரயில் வண்டி ஒன்றுதான். அதுவும் எண்ணூர் வழியாகப் புகை விட்டுக்கொண்டு போகுமே தவிர எங்களைத் தேடி வராது. இவர் எங்களைத் தேடி வருகிறார். அதுவும் தோணியில்!

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பங்கழியுமாக நீண்டு கிடந்த மணல்திட்டில் எங்கள் குப்பம் இருந்தது. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் தோணியில் எண்ணூருக்கு வந்து, ரயில் பிடித்து, ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காற்று எதிர்த்து அடித்தால் தோணி நகராது. தோணி நகர்ந்தாலும் ரயில் போயிருக்கும்.

இதையெல்லாம் மாற்றப் பார்த்தவர் டாக்டரம்மா. ராயபுரத்தில் வேலை பார்த்தவர், தம் ஓய்வு நாளில் கறுப்புத் தோல்பையும் குடையுமாக எங்களிடம் வருவார். தோணியில் கால் வைத்ததும் அவருக்குத் தலை சுற்றும். பாதி வழியில் வாந்தியா, முக்கால் வழியில் வாந்தியா என்று தோணிக்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள். அவர் இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு, "இன்னிக்கு யார் ஜெயிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு வீடு வீடாகப் போவார்.

முதலில் போவது என் அத்தை வீட்டுக்கு. அத்தை என் அப்பாவின் தங்கை. அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர், எப்போதாவதுதான் வருவார். அப்போது அத்தை பிள்ளை உண்டாகியிருந்தாள். அதோடு குளிர்க்காய்ச்சல் வேறு. ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டிப்போகும் அளவுக்கு நடுங்குவாள். நடுக்கம் நின்றதும் என்னைக் கூப்பிட்டு வைத்துக் கேலி செய்ய ஆரம்பித்துவிடுவாள்.

"பொண்ணு பொறந்தா உனக்குத்தாண்டா மருமவனே. இப்பவே சொல்லிட்டேன். அப்பால மூக்கு சப்பையா கீதுன்னு பேஜாரு பண்ணக் கூடாது."

"நான் கட்டிக்க மாட்டேன், போ."

"கட்டிக்காம எங்க ஓடுவே? வலையைப் போட்டு இஸ்துக்கினு வருவேன்!"

டாக்டரம்மா கொண்டு வரும் கசப்பு மருந்து அத்தைக்குப் போதவில்லை. வாரம் ஒருமுறை வந்து பார்ப்பதும் போதவில்லை. குப்பத்திலேயே ஒரு மருந்துச்சாலை வேண்டும், பிரசவம் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று அவர் மேலிடத்தில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தில் கேட்டு ஒன்றும் நடக்காததால் அதிகாரியின் அறை வாசலிலேயே போய் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் அந்த அதிகாரி, "சரி, நானே வந்து பார்க்கிறேன். நிஜமாகவே அவ்வளவு நோய் இருந்தால் தருகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் செய்தியோடு டாக்டரம்மா தோணியிலிருந்து குதித்த வேகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அன்று அவர் வாந்தி எடுக்கவே இல்லை. பந்தயம் கட்டிய எல்லோரும் தோற்றார்கள்.

"எதையும் மறைக்காதீங்க. படுத்திருக்கிறவங்க படுத்த இடத்திலேயே இருக்கட்டும். அவர் கண்ணால பாக்கணும்" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். பிறகு என்னைத் தனியே அழைத்தார். குப்பத்திலிருந்து எண்ணூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்த பையன் நான் ஒருவன்தான். "நீதான் அவரைக் கையைப் பிடிச்சு முதல்ல உங்க அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போகணும். செய்வியா? செஞ்சா இந்தக் குழாயை உன் காதுல மாட்டுறேன்."

நெஞ்சுச் சத்தம் கேட்கும் அந்தக் குழாயின் மேல் எனக்கு எத்தனை நாளாகவோ கண். செய்வேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அவர் போன பிறகு ஊர்க்கூட்டம் வேறு விதமாகப் பேசியது. ஊர்த் தலைவர் என் பெரியப்பா. அவர் இளவட்டமாக இருந்த காலத்தில் ஊரில் வாந்திபேதி வந்ததாம். அப்போதும் அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். நோய் கண்ட வீடுகளை வலை, துடுப்போடு கொளுத்திவிட்டுப் போனார்கள்.

"டாக்டரம்மா நல்லதுதான். ஆனா அது நம்ம வூட்டுல பொறந்ததில்ல. எரியறது யாரு வூடு, அது வூடா?" என்றார் பெரியப்பா. "பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால இருமுறவன உக்கார வெப்பமா? நம்ம ஊரு சோக்கா கீதுன்னு காட்டுனாத்தான் மருந்துக் கடை தருவான். நாறிக் கெடக்கிற ஊருக்கு எவன்யா தருவான்?"

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. பெண் பார்க்க வரும் நாளில் நோயாளிகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். இது அதைவிடப் பெரிய சம்பந்தம். வரவேற்புப் பேச்சு யார் பேசுவது என்று கேள்வி வந்ததும் எல்லோர் கண்ணும் என் மேல் விழுந்தது. அந்த நொடியில் குழாயை மறந்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் கங்கையம்மன் திருவிழாவைத் தோற்கடிக்கும் கூத்து. கிளிஞ்சல் சுண்ணாம்பு கரைத்து மண்சுவர்களுக்கெல்லாம் அடித்தோம். சுவருக்குப் பாதி, எங்கள் மேல் பாதி. வலைகளைக் கம்பங்களில் கட்டி, அதில் வண்ணக் காகிதம் சொருகினோம். நண்டும் இறாலும் கூடை கூடையாக வந்து இறங்கின. நான் கடலைப் பார்த்து நின்று என் பேச்சைக் கத்திக் கத்திப் பழகினேன். அலைகள் கைதட்டின என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதிகாரி வருகிற நாள் காலையில் காய்ச்சல்காரர்களையும், கால் வீங்கியவர்களையும், இருமிக்கொண்டிருந்த கிழவர்களையும் தோணிகளில் ஏற்றி, கழிக்கு அக்கரையில் அத்திப்பட்டுப் பக்கம் இருந்த உப்பளக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அத்தை ஏற மறுத்தாள்.

"எனக்கு மட்டும் திருவிழா இல்லியா? மூலைல குந்திக்கினு பாக்கறேனே."

பெரியவர்கள் சொல்லி அவள் கேட்கவில்லை. நான்தான் போய்க் கெஞ்சினேன். "அத்தை, நீ அங்கேர்ந்தே பாரு. நான் பேசறது உனக்குக் கேக்கும். உனக்காகவே சத்தமா பேசறேன்."

"நெசமாவா?"

"அம்மன் மேல சத்தியமா."

அவள் ஏறினாள். தோணியைத் தண்ணீருக்குள் தள்ளியவர்களில் நானும் ஒருவன். அத்தை வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையை எனக்கு ஆட்டினாள்.

அதிகாரி வந்தார்! தொப்பி, கோட்டு, மணலில் புதையும் பளபளத்த பூட்ஸ். பறை முழங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள், நாய்கள் கடலுக்குள் ஓடின. அவர் சைவம் என்பது யாருக்கும் தெரியாது. நண்டுக் குழம்பின் வாசனையில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இளநீர் மட்டும் குடித்தார். அவருக்குப் பின்னால் நின்ற டாக்டரம்மா வெள்ளைச் சுவர்களைப் பார்த்தார், திறந்து கிடந்த வெறும் வீடுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசை மேல் ஏறிவிட்டேன்.

பழகிய பேச்சை ஒரு சொல் தவறாமல் முழங்கினேன். அதிகாரி சிரித்தபடி என் முதுகில் தட்டி, "சபாஷ்! தம்பி, நீயே சொல்லு. உங்க ஊர்ல காய்ச்சல்காரங்க எத்தனை பேர்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி பழகியதில் இல்லை. யாரும் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை. நானோ அக்கரைக்குக் கேட்கவேண்டுமே என்று, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக் கத்தினேன்.

"எங்கள் ஊரில் நோய் என்பதே கிடையாது ஐயா!"

பறை மறுபடி வெடித்தது. பெரியப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அதிகாரி டாக்டரம்மாவிடம் திரும்பி, "இங்கே மருந்துச்சாலை எதற்கு? நாம்தான் இங்கே வந்து ஒரு மாதம் தங்கவேண்டும் போலிருக்கிறது" என்றார்.

தோள் மேலிருந்து நான் கண்டேன். டாக்டரம்மா அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உப்பளக் கொட்டகைக்கு வெளியே அத்தையின் சிவப்புச் சேலை நன்றாகவே தெரிந்தது. அவர் கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. கைதட்டவுமில்லை. எனக்குக் கிடைத்த பெயரைப் பார்த்துப் பொறாமை என்று அன்று நினைத்தேன். அவர் அன்று கையை நீட்டியிருந்தால் ஊரையே பொய்யாக்கியிருப்பார், அதற்குப் பிறகு ஒரு கதவும் அவருக்குத் திறந்திருக்காது. இது எனக்குப் புரிய நான் பட்டம் வாங்கி, நரை கண்டு, என் பிள்ளைகளை ஆஸ்பத்திரிகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

சாயங்காலம் தோணிகள் திரும்பின. வெயிலில் கிடந்ததில் அத்தையின் முகம் கறுத்திருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"கேட்டுச்சிடா மருமவனே. தண்ணி மேல கணீர்னு வந்துச்சி. நோயே கெடையாதுன்னியே, அப்ப நான் யாருடா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தேன்.

மருந்துச்சாலை வேறு ஊருக்குப் போனது. அங்கும் நோய் இருந்தது, அவர்கள் மறைக்கவில்லை. மாசி மாதம் அத்தையை மறுபடி தோணியில் ஏற்றினார்கள். இந்த முறை ஒளித்து வைப்பதற்காக அல்ல. காற்று எதிர்த்து அடித்தது. எண்ணூர்க் கரை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் தோணியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. பெண் பிள்ளை.

விழாவுக்கு அடுத்த வாரம் நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். டாக்டரம்மா வழக்கம்போல் வந்தார். வழக்கம்போல் பாதி வழியில் வாந்தி. நான் அத்தை வீட்டு வாசலில் ஒளிந்து நின்றேன். என் சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளாமல், குழாயின் இரண்டு முனைகளையும் என் காதுகளில் மாட்டினார். மறுமுனையை அத்தையின் வயிற்றில் வைத்து, நகர்த்தி நகர்த்தி, ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"கேளு."

முதலில் கடல் மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து, தூரத்தில், மிக வேகமாக ஒரு குதிரை ஓடிவருவது போல் ஒரு சத்தம்.

"குதிரை! குதிரை ஓடுது!" என்று குதித்தேன்.

"குதிரை இல்லடா, உம் பொண்டாட்டி!" என்றாள் அத்தை. "உன்னப் பாக்கத்தான் ஓடியாறா!"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குழாயைக் கழற்றி டாக்டரம்மாவின் மடியில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். இன்னும் கொஞ்சம் கேட்டுட்டுப் போ என்று அவர் கூப்பிட்டார். நான் நிற்கவில்லை. கடற்கரையில் பையன்கள் என் பேச்சை மறுபடி ஒருமுறை பேசிக் காட்டச் சொல்லிக் காத்துக்கொண்டிருந்தார்கள்.