கறுப்பு வரி ஓடிய படிக்கல்

வெயிலில் காய்ந்த கருங்கல்லின்மேல் தண்ணீர் விழுந்தவுடன் எழும் சூடான மணம், எங்கள் வீட்டு வாசலில் நடந்து இன்றுவரை தீராத ஒரு வழக்கையே எனக்கு நினைவூட்டுகிறது. மதுரைக்குக் கிழக்கே, குன்றை ஒட்டிய எங்கள் ஊரில், அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாழவென்று ஒரு வீட்டைக் கட்டி, வாசற்படிக்காக அக்குன்றிலிருந்தே நீளமான கல்லொன்றை இறக்கியிருந்தார்கள். வெள்ளையும் கறுப்புமாக வரிகள் நெளிந்தோடிய அதைக் கண்டதும் சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இது 'வரிக்கல்லு'. உள்ளுக்குள்ள வெடிப்பு ஓடுது. இத மிதிச்சு ஏறுனா குடும்பம் ரெண்டாப் போகும். நான் குடி வரமாட்டேன்."

அந்த வாரந்தான், பூமியின் ஆழத்தில் பாறை உருகாமலே வெந்து, மேலிருக்கும் பாரத்தால் நசுங்கி, அதிலுள்ள கருந்துகளும் வெண்துகளும் வரிவரியாக ஒதுங்கி வேறொரு பாறையாக உருமாறும் என்று பள்ளியில் படித்திருந்தேன். அது வெடிப்பன்று என்று சொன்னேன்.

"வெந்து நசுங்குன கல்லத்தான் வாசல்ல போடணுமா ஆத்தா?" என்றார் சித்தப்பா.

வெடிப்பிருந்தால் அது நீரைக் குடித்துக் கடைசியில்தான் காயும் என்பது எங்கள் பக்கத்துச் சோதனை. ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டுச் சுற்றி நின்றோம். வெண்பகுதி வெளுத்தது, வரிகள் கறுத்தே இருந்தன.

"இன்னும் ஈரம்ண்ணே."

"தொட்டுப் பாருடா. அது நெறம்."

"அம்புட்டுச் சூட்டுல கைய வச்சா ஈரம் எங்கண்ணே தெரியும்?"

"ரெண்டு பேரும் பொழுதுக்கும் கல்லுக்குக் காவல் இருக்கப் போறீகளா? சோறு ஆறுது" என்றாள் அம்மா.

நானும் தொட்டேன். ஈரமென்று எண்ணித் தொட்டால் ஈரமாகவும், நிறமென்று எண்ணித் தொட்டால் காய்ந்தும் பட்டது.

இல்லாத ஈரத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அப்பா அக்கல்லையே பதித்தார். சித்தப்பா மாட்டுத்தாவணிப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனார். குடும்பம் பிரிந்தது கல்லாலா, கல்லைப் பற்றிய பேச்சாலா என்பது எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. பொங்கலுக்கு வரும்போதெல்லாம் சித்தப்பா படியை மிதிக்காமல் சந்து வழியே சுற்றிக் கொல்லைக் கதவால் நுழைவார்; அப்பா அதைக் காணாததுபோல் இருப்பார்.

இப்போது அக்குன்று இல்லை. வெட்டியெடுத்த பள்ளத்தில் பச்சை நீர் தேங்கிக் கிடக்கிறது. அப்பாவும் இல்லை. அவர் இறந்த அன்று சித்தப்பா முன்வாசல் வழியாகவே ஓடிவந்து, அந்தப் படியில் ஏறி உள்ளே போனார். அச்சம் தீர்ந்ததா, கல்லே மறந்துபோயிற்றா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் கலைந்த பிறகும் அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.