மூன்று எண்ணுவதற்குள்...

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தகத்தை நம்பி, என் மகளின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

இந்தப் பக்கத்தில் நீங்கள் பார்க்கிற நிதானம் என் பேச்சில் கிடையாது. பாதி வார்த்தையை விழுங்கிவிடுவேன். அருப்புக்கோட்டையில் என் கடைக்கு வருகிறவர்களே, "அண்ணாச்சி, இன்னொருக்கச் சொல்லுங்க" என்பார்கள். மகளைப் பேசி முடிக்கப் பாலவனத்தத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் மனைவி எச்சரித்தாள்.

"அன்னைக்காவது நிறுத்தி நிதானமாப் பேசுங்க."

விடுவேனா? பஸ் ஸ்டாண்டு கடையில், தெளிவாகப் பேசக் கற்றுத்தரும் சுயமுன்னேற்றப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். பல்லில் பென்சிலைக் கடித்துக்கொண்டு பேப்பரைச் சத்தமாக வாசித்தேன். கண்ணாடி முன்னால் உதட்டைக் குவித்தேன், விரித்தேன். முக்கியமான கேள்வியா? மூச்சை இழுத்து, மனதுக்குள் மூன்று எண்ணி, பிறகு வாயைத் திற — இது புத்தகத்தின் கட்டளை.

வந்தார்கள். ஜாதகம் பொருந்தியாயிற்று. பிள்ளைகள் இருவரும் பேசி, பிடித்தும் போயிற்று. பாக்கி, என் வாயிலிருந்து ஒரு வார்த்தை. மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

"பொண்ண எங்க வீட்டுக்குக் குடுக்கச் சம்மதந்தான, அண்ணாச்சி?"

மூச்சை இழுத்தேன். ஒன்று... இரண்டு...

தட்டு பின்னால் போய்விட்டது.

"யோசிக்கிறீக போல. யோசிச்சே சொல்லுங்க. அவசரமில்ல."

எங்கள் பக்கத்தில் பெண் பேசுகிற இடத்தில் 'யோசிச்சுச் சொல்றோம்' என்றால் என்ன அர்த்தம்? வேண்டாம் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். நான் மூன்றை முடிப்பதற்குள் எழுந்துவிட்டார்கள். "இல்லீங்க... அது வந்து..." என்றேன். அதையும் நிதானமாகச் சொன்னேன், பாவி. குடித்தது போக மீதிக் காபி டம்ளர்களில் அப்படியே இருந்தது.

உள்ளறை வாசலில் மகள் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஏம்ப்பா, உங்களுக்கு அவுகளப் பிடிக்கலையா?"

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவர்கள் கார் ஊர் போய்ச் சேரும் வரை பொறுப்பதா? போனை எடுத்தேன். பென்சில், புத்தகம், மூச்சு, தட்டு, மன்னிப்பு — எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இப்போது நான் மூன்றைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் வெளங்கல, அண்ணாச்சி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "ஆனா சம்மதம்னு மட்டும் தெரியுது. வண்டியத் திருப்பச் சொல்லிட்டேன்."

புத்தகத்தில் அடுத்த அத்தியாயம், போனில் புரியும்படி பேசுவது எப்படி என்பது. அதைப் படிப்பதாக இல்லை.