இருபது நாள் பழைய பனி

எங்கள் தீவில் இன்றைய பேப்பர் என்று ஒன்று கிடையாது. ஊரில் காலைக் காப்பியோடு பேப்பரைப் பிரிக்கிறவர்களுக்கு இது விளங்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதராஸிலிருந்து கப்பல் வந்தால்தான் பேப்பரும் வரும். பதினாறு நாள் பேப்பரோ பதினெட்டு நாள் பேப்பரோ, அத்தனையும் ஒரே கட்டாக, சணல் கயிறு போட்டு, உப்புக் காற்றில் நமுத்துப்போய் வந்து இறங்கும். கடைசித் தேதிப் பேப்பரே கப்பலில் வந்த நாளையும் சேர்த்து ஐந்து நாள் பழசாக இருக்கும். முதல் தடவை அந்தக் கட்டைப் பார்த்தபோது நான் அடியிலிருந்த கடைசித் தேதியை உருவக் கை நீட்டினேன். யாராயிருந்தாலும் அப்படித்தானே செய்வார்கள்? நான் குடியிருக்கும் பத்துபஸ்தி சரிவில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாய் என் கையைத் தட்டிவிட்டார்.

"தம்பி தீவுக்குப் புதுசா? இங்க மேலருந்துதான் படிக்கணும். ஒரு நாளைக்கு ஒண்ணு."

அவர் கடையில் அதுதான் சட்டம். காலையில் கட்டின் மேலே இருக்கும் ஒரு பேப்பரை எடுத்து பெஞ்சில் போடுவார். எங்களுக்கு அன்றைய சேதி அதுதான். அதை வைத்துத்தான் சண்டை போடுவோம், கவலைப்படுவோம், சந்தோஷப்படுவோம். கட்டு தீரும் சமயத்துக்கு அடுத்த கப்பல் வந்துவிடும். ரேடியோ வைத்திருப்பவர்கள்கூட பெஞ்சில் உட்கார்ந்தால் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை கிரிக்கெட் ஆட்டத்தில் எங்களுக்கு மூன்றாம் நாள் நடந்துகொண்டிருந்தது. ஒரு குமாஸ்தா ஐந்தாம் நாள் முடிவை உளறிவிட்டார். அடுத்த கப்பல் வரும்வரை அவரோடு யாரும் பேசவில்லை.

நான் ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கிறேன். ராமநாதபுரம் ஜில்லாக்காரன், எட்டாம் வகுப்புப் படிப்பு, இங்கே வந்து ஒன்பது வருஷம். உப்புநீர்த் தொட்டிக்குள் தகரப் பெட்டிகளை இறக்கி, அதில் நல்ல தண்ணீரை நிரப்பி வைத்தால் கட்டியாகிவிடும். பெட்டியைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் கட்டி வழுக்கிக்கொண்டு வரும். மரமில்லிலிருந்து வரும் தூளைப் போட்டு மூடிவைத்து, மீன் படகுகளுக்கும் கப்பலுக்கும் அனுப்புவோம். சட்டை நனைய வேர்க்கும் இந்தத் தீவில், நாள் முழுக்க விரல் மரத்துப்போய் நிற்கிற ஆட்கள் நாங்கள் ஏழு பேர்தான்.

என் தம்பி முருகேசன் பட்டாளத்தில் இருக்கிறான், காஷ்மீரத்தில். அந்த வைகாசியில் வந்த கப்பலில் அவன் கடிதம் இருந்தது. பட்டாளத்தில் ஒரு சைக்கிள் பந்தயம் வைக்கிறார்களாம். ஸ்ரீநகரிலிருந்து லே என்கிற ஊர்வரை, பனி விழுந்த கணவாய்கள் வழியாக எட்டு நாள். எத்தனாவது ஆளாக வந்தாலும் சரி, எட்டாம் நாள் சாயங்காலத்துக்குள் லே போய்ச் சேர்ந்துவிட்டால் அவனைக் கீழே, வெயில் ஊருக்கு, விளையாட்டுப் பிரிவில் மாற்றிவிடுவார்கள். போன குளிரில் இடது காலில் இரண்டு விரல் கறுத்துப்போனதை அதுவரை அவன் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்னொரு குளிர்காலம் மேலே இருந்தால் விரல்களை எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அண்ணே, மூணாம் நாள் ஜோஜிலான்னு ஒரு கணவாய். அதத் தாண்டிட்டா மத்தத நான் பாத்துக்குவேன். அன்னைக்கு மட்டும் முருகனுக்கு முன்னால எனக்காக நில்லுங்க. அம்மாட்ட எதுவும் எழுத வேணாம்" என்று முடித்திருந்தான்.

தேதியைப் பார்த்தேன். கடிதம் என் கைக்கு வந்தபோது பந்தயம் முடிந்தே ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. என்ன நடக்கவேண்டுமோ அது நடந்து முடிந்துவிட்டது. ஆனால் காதர் பாய் கடைக்கு அதே கப்பலில் வந்த பேப்பர் கட்டில் பந்தயம் இன்னும் தொடங்கவில்லை. ஆறாவது பேப்பரில்தான் தொடங்க வேண்டும்.

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. பேப்பரில் பந்தயம் தொடங்குகிற நாளிலிருந்து எட்டு நாள் ஒருவேளைச் சோறு, காலையும் மாலையும் ஆறெழுத்தை நூற்றெட்டுத் தடவை சொல்வது என்று நேர்ந்துகொண்டேன். என் மனைவி செல்லம்மாள் முறத்தில் அரிசியைப் புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அந்தப் புள்ள மலையேறி எறங்கி ரெண்டு வாரமாகப் போகுது. நீங்க இப்ப விரதம் இருந்தா அது எப்படிங்க பின்னாடி போயிச் சேரும்? சாமிக்கும் கப்பல்லதான் தபாலு போகுதா?"

"முருகனுக்கு ஏதுடி நேத்தும் இன்னைக்கும்? அவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப போன வருசத்துக்கும் சேத்துக் கும்பிட்டு வைங்க. பப்பாளி காய்க்கவே இல்ல."

கேலி செய்தாளே தவிர, விரதச் சமையலுக்குத் தனிப் பானையை அன்றே கழுவி வைத்துவிட்டாள். தந்தி ஏதும் வரவில்லையே, அதுவே நல்ல சேதிதான் என்றும் சொன்னாள். தந்தி வந்தால் அம்மா பேருக்கு ஊருக்குத்தான் போகும், அம்மா யாரையாவது பிடித்து எழுதச் சொன்னால் அதுவும் கப்பலில்தான் வரும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பேக்டரியில் என்னோடு தொட்டி பார்க்கிற மண்டல் தாதாவிடம், எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன். வங்காளிகளுக்குத் தாதா என்றால் அண்ணன்; அவர் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்தவர். சர்க்கார் கொடுத்த நிலத்தில் சௌல்தாரி கிராமத்தில் வீடு கட்டியிருக்கிறார். கப்பல் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போய்வந்தோம். தாதா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "பஹுஞ்ச்னே பர் கித்னா பீகா ஜமீன் மிலேகா?" என்றார். போய்ச் சேர்ந்தால் எத்தனை பீகா நிலம் கொடுப்பார்கள் என்று கேட்கிறார். நிலம் இல்லை தாதா, இது பந்தயம் என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. பெட்டி படுக்கையோடு ஆறு தாண்டி, முகாம் முகாமாக இருந்து, கடைசியில் கப்பலேறி வந்த மனிதர். ஒருவன் அத்தனை தூரம் அத்தனை பாடுபட்டுப் போனால் முடிவில் நிலம் இருக்கத்தான் வேண்டும் அவருக்கு. "பினா ஜமீன்? பாகல் ஹை கியா தேரா பாய்?" என்றார். நிலம் இல்லாமலா, உன் தம்பிக்கென்ன பைத்தியமா என்று தலையில் அடித்துக்கொண்டார். வெயில் ஊருக்கு மாற்றுவார்கள் என்று ஒருவழியாக விளக்கினேன். அதற்கு அவர் சுற்றிலும் பார்த்து, தோள்துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இங்கே வரச் சொல்" என்றார்.

பந்தயச் சேதி விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் நாலு வரிதான் வந்தது. முதல் நாள், கொடியசைத்துப் புறப்பட்டார்கள். இரண்டாம் நாள், சோனாமார்க் என்ற இடத்தில் தங்கினார்கள். பந்தயத்தில் தமிழர்கள் இரண்டு பேர் என்று போட்டிருந்தது. பெஞ்சு முழுக்க என் தம்பியோடு சைக்கிள் மிதித்தது. "உங்க தம்பி இந்நேரம் டீ குடிச்சிருப்பாரா மாணிக்கண்ணே?" என்று கேட்பார்கள். இருபது நாளைக்கு முந்தின டீ.

மூன்றாம் நாள் பேப்பரை நான் நின்றபடியே வாசித்தேன். ஜோஜிலாவில் எதிர்பாராமல் பனி கொட்டிவிட்டது. சைக்கிளைத் தோளில் சுமந்து ஏறியிருக்கிறார்கள். இருட்டும்வரை மூன்று பேர் முகாமுக்கு வந்து சேரவில்லை, அதில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். பெயர் போடவில்லை.

காதர் பாய் தராசை வைத்துவிட்டு வெளியே வந்தார். கட்டின் கயிற்றை அவரே அவிழ்த்தார்.

"தம்பி, இன்னைக்குச் சட்டம் கெடையாது. அடுத்தத எடுத்துக்க. நாங்க வேணா வெளிய நிக்கிறோம்."

அடுத்த பேப்பர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் ஓரத்தைத் தொட்டேன், ஈரமாக இருந்தது. எடுத்துப் பிரிக்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் கை வரவில்லை.

"வேணாம் பாய்."

"ஏம்ப்பா?"

"இதப் பிரிச்சா ஒண்ணு அவன் வந்திருப்பான், இல்லாட்டி வந்திருக்க மாட்டான். பெறகு நான் என்னத்தக் கேட்டுக் கும்பிடுறது?"

பாய் கயிற்றைத் திரும்பக் கட்டினார். "சரி, போயிக் கேளு. நானும் மத்தியானம் லுஹர் தொழுகையில கேக்குறேன்."

அன்றைக்கு பேக்டரியில் வெடித்துப்போன கட்டி ஒன்று ஓரமாகக் கிடந்தது. வெடித்த கட்டியை விற்கமாட்டோம், கப்பலில் மீன் பெட்டிகளுக்கு அடியில் போடத்தான் கொடுப்போம். தூளைத் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்றேன். எனக்குத் தெரிந்த பனி அது ஒன்றுதான். முதல் இருபது தடவை முருகன் பெயர் சொல்வதற்குள் உள்ளங்கால் எரிந்தது. ஐம்பதுக்கு மேல் எலும்புக்குள் குத்தியது. எண்பதுக்குப் பிறகு கால் இருப்பதே தெரியவில்லை. இதில்தானே பிள்ளை ஒரு பகல் முழுக்க நடந்தான் என்று நினைத்துக்கொண்டே நூற்றெட்டை முடித்தேன். இறங்கும்போது மண்டல் தாதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நிலம் உண்டா என்று அன்று அவர் கேட்கவில்லை. கட்டியில் என் இரண்டு பாதமும் பள்ளமாகப் பதிந்திருந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது செல்லம்மாள் காதர் பாய் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கையில் வெல்லப் பொட்டலம்.

"வெல்லம் எதுக்கு?"

"தீந்து போச்சுங்க."

வெல்ல டப்பா பாதிக்கு மேல் இருந்ததைக் காலையில்தான் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தைத் தட்டால் மூடி வைத்தாள். ஆனால் மூடுகிற கையில் ஒரு துள்ளல் இருந்தது. பாயிடம் கேட்டு அடுத்த பேப்பரை வாசித்திருக்கிறாள். இவள் ஒன்றோடு நிறுத்தியிருக்கவும் மாட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. அவளும் சொல்லவில்லை. மறுநாள் பேப்பரில் மூவரும் விடிந்தபிறகு முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள் என்று வாசித்தபோது, பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பாய் மட்டும் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மிச்ச நாட்களிலும் விரதம் விடவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வெல்லப் பொட்டலத்தைப் பார்த்தபிறகு என் கும்பிடு பழைய கும்பிடாக இல்லை. முடிவு தெரிந்த கதைக்கு உம் கொட்டுவது மாதிரி இருந்தது. அதற்கும் முருகனிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எட்டாம் நாள் பேப்பரில் லே போய்ச் சேர்ந்தவர்கள் பெயர் எல்லாம் வந்தது. முருகேசன் கடைசிக்கு முந்தின ஆள். செல்லம்மாள் அந்தப் பேப்பர் பெஞ்சுக்கு வருவதற்கு முன்பே அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. நாலைந்து நாளில் அடுத்த கப்பல் வந்தது. தம்பியின் கடிதமும் வந்தது. விரல் தப்பித்துவிட்டது, அடுத்த மாதம் கீழே மாற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே: "ஜோஜிலாவுல இடுப்பளவு பனி அண்ணே. ரோட்டு ஓரமே தெரியல. சைக்கிள இறக்கி வச்சிட்டு உக்காந்துருவோம்னு தோணுச்சு. உக்காந்தா எந்திரிக்க முடியாதுன்னும் தெரியும். அப்ப நெனச்சேன், எங்கண்ணன் இந்நேரம் சாமி முன்னால பட்டினியா நிக்கும், நான் உக்காரக் கூடாதுன்னு. அதுலதான் மேல ஏறுனேன்."

இரண்டு தடவை வாசித்தேன். பிறகு சுவரில் இருந்த காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். அவன் பனியில் நின்ற அந்த வெள்ளிக்கிழமை நான் சௌல்தாரியில் இருந்தேன். மண்டல் தாதா மகள் கல்யாணம். வெள்ளிக்கிழமை மீன் தொடுகிறவன் இல்லை நான். ஆனால் அவர்கள் வீட்டு மங்கல விருந்தே மீன்தான். வேண்டாம் என்றால் அந்தப் பெண்ணின் கல்யாணத்தையே வேண்டாம் என்றது மாதிரி. பெரிய விருந்தாளி என்று மீன் தலையை என் இலையில் வைத்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே தின்றேன். தம்பி என்னை நினைத்து எழுந்து நின்ற நேரத்தில் என் வாயில் மீன் இருந்தது.

"பதில்ல அதையெல்லாம் எழுதாதீங்க," என்றாள் செல்லம்மாள். "அந்தப் புள்ள ஒரு நம்பிக்கையில இருக்கு."

"முருகன நடுவுல வச்சிக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா?"

தம்பி கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "அப்ப முழுசாவே எழுதுங்க. மீன் தின்னத எழுதுனா, ஐஸ்ல நின்னதையும் எழுதணும்."

அப்படியே எழுதினேன். நீ ஏறிய நாளில் எனக்கு ஒன்றும் தெரியாது தம்பி, கல்யாண வீட்டில் இருந்தேன், உனக்காக நான் நின்றது அதற்கு இருபது நாள் கழித்துத்தான், இதில் எது உன்னைக் காப்பாற்றியது என்று முருகனுக்குத்தான் தெரியும் என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் நெஞ்சுக்குள் காற்று இறங்கியது.

கப்பல் திரும்புகிற அன்று காலை வெடித்த கட்டி ஒன்றின்மேல் இன்னொரு நூற்றெட்டு நின்றேன். இந்தத் தடவை நன்றிக்காக. பாதம் பதிந்த அந்தக் கட்டியையும் மற்றக் கட்டிகளோடு மரத்தூள் போட்டு வண்டியில் ஏற்றினோம். துறையில் தபால் மூட்டைகள் ஒருபக்கம் ஏறின, மறுபக்கம் மீன் பெட்டிகளோடு எங்கள் ஐஸ் கப்பலின் அடித்தட்டுக்குள் இறங்கியது. மண்டல் தாதாவும் நானும் கப்பல் திரும்பி முனையைத் தாண்டும்வரை நின்று பார்த்தோம். கடிதம் நாலு நாளில் மெயின்லாந்து சேர்ந்துவிடும், அங்கிருந்து ரயிலேறித் தம்பியிடம் போய்விடும். மீன் பெட்டிகளுக்கு அடியில் என் இரண்டு பாதமும் கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அவை எந்த இடத்தில் கரையும் என்று எனக்குத் தெரியாது. தீவும் கண்ணில் படாத, மதராஸும் கண்ணில் படாத ஏதோ ஓரிடத்தில் என்றுதான் நினைக்கிறேன்.