டூஃபியா வாயைத் திறந்த இடம்

குமாசி நகரத்தில் செத்தவர்கள்தான் எங்கள் இருவருக்கும் சோறு போடுகிறார்கள். பண்டாமா தெருவில் நான் துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்புமாகத் துணி தைக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிராகோ. செத்தவர்களின் முகத்தைப் பேனரில் அச்சடிப்பாள், சனிக்கிழமை அடக்கத்தன்று பெரிய திரையில் ஓட்டுவதற்குப் படமும் வெட்டித் தருவாள். கல்யாணத்தைப் பற்றிப் பேசினால் அவளுக்குக் காது கேட்காது. மற்ற எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பாள். என் தையல் மெஷின் நூலை அறுத்தால் நான் திட்டுவேன், அவள் தரையில் உட்கார்ந்து எங்கே அறுக்கிறது என்று பார்ப்பாள். சவப்பெட்டிக்காரனிடம் ஆணியை ஏன் சாய்த்து அடிக்கிறாய் என்று கேட்டு அரை நாளைப் பாழாக்கியவள். எனக்கு எரிச்சலாக வரும்.

அவளுடைய கணினி ஏதோ வெளிநாட்டு அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து, கண்டெய்னரில் வந்து இறங்கியது. ஒல்லியான கறுப்புப் பெட்டி. போட்டோவுக்கு அது போதும். எங்கள் தெருவில் இருக்கும் ஒதுரோ மாமாவின் மனைவி டூஃபியா இறந்தபோதுதான் அதன் லட்சணம் தெரிந்தது.

மகன் போவாடு ஹாம்பர்க்கில் இருக்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவன் வாடகைக் கேமரா ஒன்றில் அம்மாவைப் படம்பிடித்து, டிஸ்கில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். படம் அவ்வளவு கனம், யாருடைய போனிலும் ஓடவில்லை. பிராகோவின் கணினியில் திக்கித் திக்கி ஓடியது. முற்றத்தில் டூஃபியா வாழைப்பழத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். கரண்டியை நீட்டி, எங்களைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"போவாடு, இதக் கேளு. என்னோட..."

அவ்வளவுதான். படம் உறைந்து நின்றது. திரும்பத் திரும்பப் போட்டாலும் அதே இடம்தான். போவாடுவைப் போனில் கேட்டால், கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை என்றான்.

"என்னோட என்ன?" என்றார் ஒதுரோ மாமா. "என்னோட நெலமா? என்னோட தங்கச்சியா?"

"என்னோட புருஷன் ஒரு ஊமைக்கோட்டான்னு சொல்லியிருப்பா" என்றேன் நான்.

"சிரிக்காத. அது தெரியாம நான் எப்படி அவள மண்ணுக்குள்ள வைப்பேன்?"

அவர் விளையாட்டாகப் பேசவில்லை.

பிராகோ சொன்னாள்: "மெஷின் ஒத்தையா எல்லாத்தையும் இழுக்குது மாமா. படத்துக்குன்னு தனியா ஒரு கார்டு போட்டா ஓடும்."

"கார்டா? கரண்ட் மீட்டர் கார்டுக்குப் போன வாரந்தானே பணம் ஏத்தின?"

"அந்தக் கார்டு இல்ல மாமா. கிராஃபிக்ஸ் கார்டு."

ஆடும் என்கிற கடைத்தெருவிலிருந்து ரிப்பேர்க்காரன் அலிது ஒன்றைக் கொண்டுவந்தான். இரண்டு விசிறி வைத்த தடிக் கார்டு. பெட்டிக்குள் வைத்தால் மூடியே மூடவில்லை. அதற்குக் கரண்ட் கொடுக்கத் தனி ஒயர் வேண்டுமாம், இந்தப் பெட்டியில் அப்படி ஒயரே கிடையாது.

"பெட்டியவே மாத்திடுங்க மேடம்."

"ஏன்? எல்லாக் கார்டும் தனி ஒயர்லதான் கரண்ட் குடிக்குமா? சொருகுற எடத்திலேருந்தே குடிக்கிறது ஒண்ணு கூடவா இல்ல?" என்றாள் பிராகோ.

அலிது தலையைச் சொறிந்தான். மறுநாள் குட்டையான ஒன்றைத் தேடி எடுத்து வந்தான். அதன் முதுகுத் தகடு உயரமாக இருந்தது, கழற்றிவிட்டுச் சின்னத் தகட்டைப் பூட்டினார்கள். 'டக்' என்று உள்ளே உட்கார்ந்தது. பிராகோ டார்ச் அடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவள்கூட அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

மூடியைப் போட்டுக் கணினியைத் தட்டினாள். திரை இருட்டு. நிறுத்தித் திரும்பத் தட்டினாள். இருட்டுதான்.

"கார்டு செத்துப்போச்சு" என்றான் அலிது.

"இதுக்கும் கறுப்புத் துணி தைக்கணுமா?" என்றேன். ஒதுரோ மாமாவின் முகத்தைப் பார்த்ததும் ஏன் பேசினோம் என்று ஆகிவிட்டது. விடிந்தால் அடக்கம்.

பிராகோ பெட்டியைத் திருப்பி அதன் முதுகைத் தடவினாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். ஹர்மட்டான் காற்று அடிக்கிற மாதம், வீட்டில் எந்த ஓட்டையையும் நாங்கள் திறந்து விடுவதில்லை. செந்தூசி வந்து அப்பிவிடும். புதுக் கார்டை உள்ளே வைத்த கையோடு, பழக்க தோஷத்தில் அதில் ஒயர் சொருகும் வாய்களை எல்லாம் டேப் ஒட்டி அடைத்திருக்கிறாள். திரையின் ஒயர் பழைய ஓட்டையிலேயே தொங்கியது. புதுக் கார்டு வந்ததும் அந்த ஓட்டை வேலையை விட்டுவிட்டதாம்.

"நீ பார்த்துட்டுத்தான இருந்த, சொல்ல மாட்டியா?" என்று அலிதுவைக் கேட்டாள்.

"எங்க வீட்லயும் அப்படித்தான் மேடம் ஒட்டுவோம்."

டேப்பை உரித்து, ஒயரை மாற்றிச் சொருகினாள். திரை பளிச்சென்று எழுந்தது. படத்தைப் போட்டாள். ஒரு திக்கல் இல்லை. எண்ணெயில் குமிழி வெடிப்பது தெரிந்தது, டூஃபியாவின் கழுத்து வியர்வை தெரிந்தது. ஒதுரோ மாமா எழுந்து நின்றுவிட்டார். கரண்டி நீண்டது.

"போவாடு, இதக் கேளு. என்னோட சாவுக்கு இதப் போட்டுத் தொலைக்காத! தலையில துணி கட்டல, அடுப்படிக் கந்தலோட நிக்கிறேன். ஊரே பார்க்கும்டா!"

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டு துண்டுகளைப் புரட்டினாள். படம் முடிந்தது.

அலிது குபீரென்று சிரித்தான். நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் யாரைப் படம்பிடித்தாலும் அது கடைசியில் எந்தத் திரையில் ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒதுரோ மாமா போனில் அவள் சொன்னதைச் சொன்னதும் போவாடு கெஞ்சினான். "அம்மா தமாஷுக்குச் சொன்னதுப்பா. நாளைக்குப் போடலாம். எல்லாரும் சிரிப்பாங்க, எல்லாருக்கும் பிடிக்கும்."

ஒதுரோ மாமா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து அவ பேச்ச நான் கேட்டதே இல்லடா. இத ஒண்ணயாவது கேக்குறேன். போட வேண்டாம்."

போனை வைத்துவிட்டு நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப எனக்கு மட்டும் போடும்மா" என்றார். பிராகோ மறுபடி முதலிலிருந்து போட்டாள்.