என்மேல் நானே கொடுத்த புகார்

பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோனில் ஒரே பசுவை வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றிக் கௌரவமாகப் பிழைப்பவள் நான். பக்கத்துச் சலவைக்கடையின் சோப்புத் தண்ணீர் என் கொட்டிலுக்குள் ஓடிவர, நகரசபை ஆபீசில் புகார் சொல்லப் போனேன். அங்கிருந்த புதுச்சேரித் தம்பி பிராஞ்சு பாஷையில் எழுதி நீட்டினார். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் வாசித்துக் காட்டச் சொல்லி அவரிடம் கேட்பதா என்று கௌரவம் பார்த்து, பெருவிரலைப் பதித்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் காரைக்கால்காரப் போலீஸ் ஒருவர் கயிற்றோடு வந்தார். "அம்மா, உங்க கொட்டில்மேல புகார். பசுவைப் பட்டியில அடைக்கணும்."

"எந்தப் புண்ணியவான் கொடுத்தான்?"

காகிதத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "நீங்கதாம்மா. கொடுத்தவர், குற்றவாளி, ரெண்டு இடத்துலயும் உங்க பேரு."

பசு போனால் என் அடுப்பு எரியாது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "அப்ப புகார் கொடுத்தவ சொல்றேன். அந்தப் பொம்பளைய நான் மன்னிச்சுட்டேன். போயிட்டு வாங்க!"

அவர் சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டு போனார்.

என் புகாரை எழுதுவதற்கு முந்தின நாள்வரை தபாலுக்கு முத்திரை குத்தியவராம் அந்தத் தம்பி. நாலு நாள் சொல்லிக்கொடுத்துப் புகார் மேசையில் உட்காரவைத்தால் என்ன குறைந்துபோகும்? இப்போதெல்லாம் கடைசி வரிவரை தமிழில் சொல்லவைத்த பிறகே விரலை மையில் வைக்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.