வெர்லின் வீட்டு வேலியோரத்து டேங்குகள்

ராய்ஸ் கெப்ளர் செத்துப்போன வருஷம், பனிக்காலம் முழுக்க அவன் மனைவி நாடீனின் காரில் பெட்ரோல் தீரவே இல்லை. கோழிப் பண்ணை வேலைக்குப் போவாள், வருவாள், குழந்தையை மாமியார் வீட்டில் விட்டு எடுப்பாள். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கியதும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பினால் முள் மேலே ஏறி நிற்கும். முதலில் முள்தான் பழுது என்று நினைத்தாள். அப்புறம் பைபிளில் வரும், ஊற்ற ஊற்றக் குறையாத விதவையின் எண்ணெய்க் குடத்தை நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுபோகுமோ என்று பயம்.

ஒரு ஞாயிறு, பாட்டு நடக்கும்போது குழந்தை ஜனெல் இருமி இருமி அழுதாள். தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள் நாடீன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கார்ப் பக்கத்தில் ஒரு ஆள் தலை குனிந்து முழங்காலில் நின்றான். ஜெபம் பண்ணுகிற மாதிரியே இருந்தது. கையில் தகர டின்னும் புனலும். வெர்லின் ஸ்ட்ரவுட். எப்போதும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டாம் பாட்டில் எழுந்துபோகிறவர். நாடீன் சத்தமில்லாமல் உள்ளே திரும்பிவிட்டாள். அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வெர்லினுக்குத் தாலுகா ரோட்டுப் பணியில் லாரி ஓட்டும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. வீடு, கண்காட்சி மைதானத்துக்கு அடுத்த நிலத்தில். நடுவில் ஒரு சோளக்கொல்லைதான். ஆகஸ்ட் மாதக் கண்காட்சியில் கடைசி நாள் டெர்பி நடக்கும். பழைய கார்களை ஒன்றோடு ஒன்று மோதவிடுவார்கள். எது கடைசிவரை நகர்கிறதோ அது ஜெயித்தது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அதுதான் வருஷத்துப் பெரிய நாள். மோதும்போது வெடிக்கக் கூடாது என்பதால் காரோடு வந்த டேங்கைக் கழற்றிவிட வேண்டும். படகுக்கு வைக்கிற சின்ன இரும்பு டேங்கைப் பின்சீட்டு இருந்த இடத்தில் பட்டை போட்டு இறுக்கி, குழாயைக் காருக்குள்ளேயே இஞ்சினுக்குக் கொண்டுபோக வேண்டும். இதை எல்லாரும் வீட்டிலேதான் செய்வார்கள். ஆனாலும் டேங்கைக் கழற்ற மட்டும் வெர்லினிடம் வருவார்கள். அவர் கை பட்ட டேங்க் இதுவரை தீப்பிடித்ததில்லை.

கழற்றிய டேங்கை அவர் காயலான் கடைக்குத் தரமாட்டார். வேலியோரம் நிமிர்த்தி வைத்து, வாய்வரை தண்ணீர் ஊற்றி வைப்பார்.

"காலி டேங்குதான் ஆளைக் கொல்லும். உள்ள ஆவி நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. தண்ணி நிரம்பிட்டா அதுக்கு எடமில்ல" என்பார்.

ஒவ்வொன்றிலும் ஓட்டுகிறவர் பெயரைச் சாக்குக்கட்டியால் எழுதுவார். டெர்பி முடிந்ததும் அந்த ஆளே வந்து தன் டேங்கைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதுதான் அவருடைய ஒரே நிபந்தனை.

வெயிலில் தண்ணீர் வற்றி டேங்க் பாதியானால், காற்று அதன் வாயைக் கடக்கும்போது ஊதும். பசு ஈனும்போது முனகுகிற மாதிரி ஒரு சத்தம். எவன் டேங்க் ஊதுகிறதோ அவனுக்கு அந்த வருஷம் அடி விழும் என்று ஊரில் பேச்சு. அதனாலேயே வெர்லின் தினமும் வாளியோடு போய்த் தண்ணீர் ஊற்றி நிரப்புவார். "நிறைஞ்சதுக்கு வாயே கிடையாது" என்பார்.

வேலிக் கடைசியில் ஒரு டேங்க் மட்டும் வருஷக்கணக்காக நின்றது. சாக்குக்கட்டி எழுத்து எப்போதோ கரைந்துபோனது. அது ராய்ஸினுடையது. டேங்கை வெர்லினிடம் கழற்றக் கொடுத்துவிட்டு, குழாய் வேலையை வீட்டுக் கொட்டகையில் தானே பார்த்துக்கொண்டான் ராய்ஸ். மைதானத்தில் இரண்டாவது மோதலில் குழாய் விட்டுப்போய்க் கார் உள்ளேயிருந்து எரிந்தது. டேங்கை எடுத்துப்போக ஆள் வரவில்லை. பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து டேங்க் வெடிக்காமலிருக்க வெர்லின் அதைக் கவிழ்த்து வைப்பார். பனி விட்டதும் மறுபடி நிமிர்த்தி நிரப்புவார்.

ஜனெல் வளர்ந்தாள். அப்பா முகம் அவளுக்கு ஞாபகமில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு பழைய ஸ்டேஷன் வேகனை வாங்கிக்கொண்டு வந்து, பெண்கள் டெர்பியில் ஓட்டப்போகிறேன் என்றாள். கதவில் அப்பாவின் நம்பரையே எழுதினாள். நாடீன் கெஞ்சினாள், அழுதாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். கடைசியில் வெர்லினிடம் போனாள்.

"அவ வண்டி ஓடாதபடி ஏதாவது பண்ணிடுங்க வெர்லின். ஒரு திருகைத் தளர்த்தி விட்டாப் போதும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"பொய்யா ஒரு வேலை என் கையால வராதும்மா." அவர் துணியில் கை துடைத்தார். "ஆனா அவ குழாயை நானே போடறேன். புதுக் குழாய், முழு நீளமா, நடுவுல ஒட்டு இல்லாம. அதுக்கு மேல கர்த்தர் இருக்காரு."

"அன்னைக்கும் அவர் இருந்தாரே" என்றாள் நாடீன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெர்லின் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

சொன்னபடியே குழாய் போட்டார். ஜனெலிடம் ஒன்று சொல்லி அனுப்பினார்: "காருக்கு என்ன கலர் வேணாலும் அடி. குழாய் மேல மட்டும் அடிக்காத. குழாய் வெறும் ஒடம்போட இருக்கணும், கசிஞ்சா கண்ணுக்குத் தெரியணும்."

"சரி மாமா. நாலு தடவை சொல்லிட்டீங்க. குழாய்க்குச் சட்டை போடமாட்டேன், போதுமா?" என்று சிரித்தாள் அவள்.

டெர்பியன்று உச்சிவெயில். காற்றே இல்லை. கொல்லையில் ஒரு சோளத்தோகை அசையவில்லை. மைதானத்தில் ஒலிபெருக்கி ஏதோ பேர் வாசித்துக்கொண்டிருந்தது. நாடீனுக்கு அங்கே உட்கார மனமில்லை. கொல்லையோரமாக நடந்து வெர்லின் வீட்டு வேலிக்கு வந்தாள். வெர்லின் வாசற்படியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. தாழ்ந்து, நீண்டு, மூச்சு விடாமல். வேலிக் கடைசியிலிருந்து வந்தது. எதிரே கொடியில் காய்ந்த துணிகூட ஆடவில்லை.

"வெர்லின்... அது ஊதுது. ராய்ஸோடது ஊதுது."

அவர் ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தார். நேரே கடைசி டேங்குக்கு நடந்தார். வாயில் ஒரு விரலை விட்டு எடுத்தார். விரலைக் கால்சட்டையில் துடைத்தார். அவர் முகம் சாம்பல் மாதிரி ஆனதை நாடீன் பார்த்தாள். சத்தம் நின்றுவிட்டது.

"வா" என்றார். அவ்வளவுதான். அறுபது தாண்டியவர், சோளக்கொல்லைக்குள் புகுந்து குறுக்கே ஓடினார். நாடீன் பின்னாலேயே.

பெண்களின் கார்கள் வரிசையில் நின்றன. சோதனை போடும் டெல்பர்ட், தொப்பையும் விசிலுமாக முன்னால் நின்றான். வெர்லினைப் பார்த்ததும், "என்னய்யா, உன் குளத்துல இன்னைக்கு மீன் ஏதாவது மாட்டுச்சா?" என்றான்.

"ஜனெல் வண்டியைத் திற."

"நான் பார்த்துப் பாஸ் பண்ணியாச்சு. சீட்டு ஒட்டியாச்சு. மறுபடி திறக்கணும்னா அடுத்த வருஷம் வா."

"திறடா டெல்பர்ட்."

வெர்லின் யாரையும் 'டா' போட்டு அங்கே ஒருவரும் கேட்டதில்லை. டெல்பர்ட் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒதுங்கினான்.

"மாமா, அடுத்து என்னைத்தான் கூப்பிடப் போறாங்க!" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாள் ஜனெல். வெர்லின் ஜன்னல் வழியே உடம்பை நுழைத்துப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே எல்லாம் கறுப்புப் பெயிண்ட். தரை, கதவு, பட்டை, குழாய்.

"குழாய்க்கும் அடிச்சிருக்க."

ஜனெல் ஸ்டியரிங்கைக் குனிந்து பார்த்தாள்.

"டேங்கை நகர்த்தினியா?"

"பின்னாடியிருந்து இடிப்பாங்கன்னு கொஞ்சம் முன்னால தள்ளி வெச்சேன். டேங்கோட வாய் பின்பக்கமாத் திரும்பிடுச்சு, அதைச் சுத்திக் கொண்டுபோனதுல உங்க குழாய் பத்தல." குரல் இறங்கியது. "கொட்டகையில அப்பாவோட குழாய்ச் சுருள் ஆணியில மாட்டியே இருந்துச்சு. அதுல ஒரு துண்டு வெட்டி நடுவுல சேர்த்தேன். அப்பாவோடது ஏதாவது ஒண்ணு வண்டிக்குள்ள இருக்கணும்னு... ஒட்டு தெரிஞ்சா நீங்க திட்டுவீங்கன்னு பெயிண்ட் அடிச்சேன்."

வெர்லின் அந்தத் துண்டை இரண்டு விரலால் கிள்ளினார். பெயிண்ட் தோல் மாதிரி உரிந்துவந்தது. உள்ளே குழாய் வெந்த இறைச்சி மாதிரி கொழகொழவென்று ஊறிப்போயிருந்தது. அது பெட்ரோல் தாங்கும் குழாயே இல்லை. காரில் சூடு வருவதற்கு வெந்நீர் போகிற குழாய். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. ராய்ஸ் அன்றைக்கு எதைப் போட்டான் என்று ஊருக்குத் தெரியாது. இப்போது நாடீனுக்குத் தெரிந்தது. அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

டெல்பர்ட்டே ஓடிப்போய் நல்ல குழாய் கொண்டுவந்தான். "எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு போல" என்று அவன் முணுமுணுத்ததை எல்லாரும் கேட்டார்கள். வெர்லின் முழு நீளமாகப் போட்டு, இரண்டு முனையையும் இறுக்கி, முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

"இப்பவும் வேண்டாம்னு சொன்னா நான் இறங்கிடறேம்மா" என்றாள் ஜனெல்.

நாடீன் வெர்லினைப் பார்த்தாள். அவர் விரலில் ஒட்டிய கறுப்பைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். "போ" என்றாள் நாடீன். "போயிட்டு வா."

இரண்டாவது மோதலில் ஒரு நீல வண்டி பின்னாலிருந்து வந்து, அவள் காரைப் பாதியாக மடித்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. நாடீன் கண்ணை மூடவில்லை. புகை வரவில்லை. ஆவிதான் வந்தது, ரேடியேட்டர் ஆவி. ஜனெல் ஜன்னல் வழியே ஏறி வெளியே வந்து கையை ஆட்டினாள். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை தன் டேங்கைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் இலை உதிர்கிற சமயத்தில் வெர்லினுக்கு நெஞ்சு நோவு வந்தது. கென்டக்கியில் இருக்கும் தங்கை வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. புறப்படுகிற நாளில் நாடீன் 'ஆப்பிள் பை' பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவர் மெலிந்து, கோட்டுக்குள் தொலைந்துபோனவர் மாதிரி இருந்தார். தங்கையின் கார் வாசலில் காத்திருந்தது.

"ராய்ஸோட டேங்கை நான் எடுத்துக்கிட்டுப் போகட்டுமா? ஆள் வந்துதான் எடுக்கணும்னு சொல்வீங்களே. நான் வந்திருக்கேன்."

"அதுக்குத்தான் இத்தனை வருஷம் வெச்சிருந்தேன்" என்றார்.

இருவரும் சேர்ந்து அதைச் சாய்த்தார்கள். துருவேறிய தண்ணீர் புல்லில் ஓடி வேலிக்கு அடியில் இறங்கியது. வெகுநேரம் ஓடியது. கடைசிச் சொட்டு விழுந்த பிறகு நாடீன் அந்தப் பனிக்காலத்துப் பெட்ரோலுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். பிறகு தங்கையின் காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினார்.

"நாடீன், உங்கிட்ட ஒண்ணு சொல்லாம வெச்சிருந்தேன். டெர்பியன்னைக்குக் காலையில அந்த டேங்கை நான்தான் விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். நீ ஊதுதுன்னு சொன்னப்போ விரலை விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூடக் குறையல. நிறைஞ்ச டேங்க் ஊதாதும்மா."