ஒரே வீட்டுல ரெண்டு பிறை

எங்க வீட்டுக்காரருக்குக் கடல்னா உசிரு. எனக்குக் கடல்னா குமட்டல். அல்லாஹ் எந்தக் கணக்குல ஜோடி சேர்க்கிறானோ தெரியல.

பேரு நூருல் அமீன். நாகூர்ல பொறந்து, மீசை முளைக்காத வயசுல மாமாவோட சிங்கப்பூர் வந்தவரு. ஆத்துல தொங்காங்குங்கிற சரக்குப் படகுல மூட்டை ஏத்தி இறக்கி, அப்புறம் சொந்தமா ஒரு மரப்படகு வாங்கினாரு, 'போட்டு'ம்போம். வாரநாள்ல நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுக்கு ஆளும் சாமானும் கொண்டு போவாரு. ஞாயித்துக்கிழமை ஆனா தூண்டில்காரங்கள ஏத்திக்கிட்டு தெற்குத் தீவுப் பக்கம் பவளப்பாறைத் திட்டுகளுக்குக் கிளம்பிடுவாரு. நான் பொறந்து வளர்ந்தது ஜாலான் புசார்ல, எங்க வாப்பாவோட இரும்புச் சாமான் கடைக்கு மேல. ஆணி, தாழ்ப்பாள், கீல்னு வச்ச இடத்துல இருக்கிற சாமானோட வளர்ந்தவளுக்கு, நின்ன இடத்துல நிக்காத தொழில்காரரு வாய்ச்சாரு. கட்டிக்கிட்டதும் குவீன்ஸ்டவுன்ல வீடு கிடைச்சுது. எட்டாவது மாடி. அங்கேர்ந்து கடல் ஒரு கோடு மாதிரி தெரியும். அந்தக் கோட்டப் பாத்துக்கிட்டேதான் மனுஷன் பல்லு விளக்குவாரு.

ஆளு பரம சாது. ஆனா கடலப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. சோத்துத் தட்டு நடுவுல சால்னாவ ஊத்தி, பொரிச்ச மீன் துண்டுகள சுத்திவர வச்சு, "இந்தா பாரு ரபியா, இதுதான் தெரும்பு கீகி"ம்பாரு. மலாய்ல தெரும்புன்னா பாறைத் திட்டு, கீகின்னா பல்லு. அவரு அடிக்கடி போற திட்டு அது. சுத்திவர பல்லு வரிசையா பாறை, நடுவுல குளம் மாதிரி தண்ணி, உள்ள போய் வர தெற்குப் பக்கம் ஒரே ஒரு இடைவெளி. அதுக்கு இவரு வச்ச பேரு வாசல். "அலை வெள்ளையா உடைஞ்சா அடியில பாறைன்னு அர்த்தம். உடையாம கறுப்பா உருண்டு வந்தா ஆழம். வாசல்ல உடையாது, ரெண்டு பக்கமும் உடையும். அவ்வளவுதான்லா விஷயம்"னு சொல்லிட்டு என் முகத்தப் பாப்பாரு. நான் மீனப் பிச்சு வாயில போட்டுக்கிட்டு, "உங்க கீகிய முழுங்கியாச்சு, எந்திரிங்க"ம்பேன். சிரிச்சுக்கிட்டே கை கழுவப் போவாரு. கோவமே வராது. அதுலதான் எனக்குக் கோவம் வரும்.

காத்து விஷயத்துலயும் அப்படித்தான். மேக்கால சுமத்ரா பக்கத்துலேர்ந்து திடீர்னு வந்து அடிக்கிற புயல்காத்துக்கு, அதுக்குப் பேரே சுமத்ராதான், ஊரே பயப்படும். இவரு மூக்க உறிஞ்சிப் பாத்துட்டு, "இன்னும் நேரம் இருக்கு, டீயக் குடி"ம்பாரு. அவரு சொன்ன மாதிரி டீயக் குடிச்சு முடிச்சப்புறந்தான் மழை வரும்.

தண்ணி ஏத்த இறக்கத்துக்கு மட்டும் அவரு பிறைய நம்புனாரு. இந்தப் பிறைக்கு இந்த நேரம் கடல் முழுசா ஏறி நெறதண்ணி, அடுத்த பிறைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போகும். மாமா சொல்லிக் குடுத்த கணக்கு, மண்டைக்குள்ளயே இருக்கும். இன்னிக்கு எத்தனாவது பிறைன்னு பாக்க சுவத்துல நாகூர்க் காலண்டர். வருஷா வருஷம் யாராவது கப்பல்ல கொண்டு வந்து குடுப்பாங்க.

வம்பு அந்தக் காலண்டர்லதான் ஆரம்பிச்சுது. நாகூர்ப் பிறை அநேகமா எங்க சிங்கப்பூர்ப் பிறைக்கு ஒரு நாள் பின்னாலதான் வரும். பெருநாளெல்லாம் ஊரோட சேர்ந்து கொண்டாடிடுவாரு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டுல, தவறிப்போன அவுங்க வாப்பாவுக்கு ஓதுற முதல் வருஷ ஃபாத்திஹா வந்துச்சு. நான் சிங்கப்பூர்ப் பிறை பாத்து நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. ஆளுங்க வந்து பாய் விரிச்சு உக்காந்தாச்சு. இவரு போட்டுலேர்ந்து சாவகாசமா வந்து, "என்ன விசேஷம்? ஃபாத்திஹா நாளைக்கில்ல?"ங்கறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்! எல்லாரும் போற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

"வீடு ஒண்ணு, பொண்டாட்டி ஒண்ணு, பிறை மட்டும் ரெண்டா?"ன்னு கேட்டேன். "நீங்க சாப்பிடுறது சிங்கப்பூர்ச் சோறு, பாக்குறது சிங்கப்பூர் நிலா. கடல் தாண்டி இருக்கிற பிறை உங்களுக்கு எதுக்கு?"

அவரே ஸ்டூல் போட்டு ஏறி நாகூர்க் காலண்டர எடுத்துட்டு, எங்க வாப்பா கடைக்காரங்க குடுத்த சிங்கப்பூர்க் காலண்டர மாட்டினாரு. "சரி ரபியா. இனிமே நம்ம வீட்டுல உன் பிறைதான்." நான் ஜெயிச்சுட்டேன்னு அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன். பிறையோட சேர்ந்து தண்ணிக் கணக்கும் மாறணும்னு எனக்கும் தோணல, அவருக்கும் தோணல.

அந்த வாரம் எதிர் வீட்டு பிரிஜட்டுக்குக் கல்யாண நாள். அவ புருஷன் அலெக்சாண்டர் கப்பல் பட்டறையில வெல்டரு, நல்ல வாட்டசாட்டமான ஆளு, தூண்டில்னா பைத்தியம். ஞாயித்துக்கிழமை காலையில மாதா கோயில் பூசை முடிஞ்சதும் தெரும்பு கீகிக்குப் போறதா ஏற்பாடு. பிரிஜட் என்ன விடல. "நீங்க வந்தாத்தான் நான் வருவேன் ரபியா. ஆம்பளைங்க ரெண்டு பேரும் மீனப் பாத்துக்கிட்டு இருந்தா நான் யார்கிட்ட பேசுறது?" எலுமிச்சம்பழம் ஒண்ணு, புளிப்பு மிட்டாய், பெரிய ஃபிளாஸ்க் நெறைய டீ எடுத்துக்கிட்டு நானும் கிளம்பினேன்.

கிளிஃபர்ட் பியர் படகுத்துறையில ஏறி, பாறைத் திட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சும்மா சொல்லக்கூடாது, நான் குமட்டலைக்கூட மறந்துட்டேன். வாசல் வழியா உள்ள நுழைஞ்சதும் தண்ணி கண்ணாடி மாதிரி நின்னுச்சு. வெளியில அலை பாறையில மோதி வெள்ளையா சிதறுது, உள்ள ஒரு அசைவு இல்ல. இவரு என்னப் பாத்துப் பெருமையா சிரிச்சாரு. "தண்ணி இன்னும் ஏறிக்கிட்டு இருக்கு. ஆற அமர மீன் பிடிக்கலாம்"னு சொல்லிட்டு எஞ்சினத் துடைக்கக் குனிஞ்சுட்டாரு.

தண்ணி ஏறல. இறங்கிக்கிட்டு இருந்துச்சு. மாமா கணக்கு நாகூர்ப் பிறைக்குப் போட்டது, சிங்கப்பூர்ப் பிறை அதுக்கு ஒண்ணு கூட இல்லையா? அத வச்சு இவரு அதே கணக்கப் போட்டதால, நெறதண்ணி முக்கால் மணி நேரம் தள்ளித்தான் வரும்னு நெனச்சிருக்காரு. அது வந்துட்டுப் போயே போச்சு. நான் அத எங்க கவனிச்சேன், பிரிஜட்டோட தங்கச்சி கல்யாணக் கதைய கேட்டுக்கிட்டு இருந்தேன்.

அலெக்சாண்டரோட தூண்டில் பாறையில மாட்டிக்கிச்சு. எட்டிப் பாத்துட்டு, "முட்டி ஆழந்தான் பாய்"னு சொல்லி வெறுங்காலோட குதிச்சுட்டாரு.

"முட்டி ஆழமா?"ன்னு இவரு தலையத் தூக்கினாரு. அந்த முகத்த நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல. "அலெக்ஸு, ஏறு மேல! ஏறு!"

அதுக்குள்ள அலெக்சாண்டர் போட்ட சத்தம் இருக்கே, அது மனுஷன் போடுற சத்தமே இல்ல. கல்மீன் மேல கால வச்சுட்டாரு. கல்லோட கல்லா கிடக்கும், முதுகு முள்ளு பூரா விஷம். நாங்க மூணு பேரும் சேர்ந்து அவ்வளவு பெரிய ஆள மேல இழுத்துப் போட்டோம். பாதம் கண்ணு முன்னால வீங்குது. "சூடு வை ரபியா, இந்த விஷத்துக்குச் சூடுதான்!"னு இவரு கத்தினாரு. நான் ஃபிளாஸ்க் டீய வாளியில ஊத்தி, கை பொறுக்கிற அளவுக்குத் தண்ணி கலந்து, கால உள்ள அமுக்கினேன். பிரிஜட் அவரு தலைய மடியில வச்சுக்கிட்டு "மாதாவே, மாதாவே"ன்னு அழுதா. அலெக்சாண்டருக்கு வேர்த்துக் கொட்டுது, மூச்சு இழுக்குது.

இவரு எஞ்சினப் போட்டு நேரா வாசலுக்கு விட்டாரு. பாதி வழியில அடியில கரகரன்னு ஒரு சத்தம். போட்டு முட்டி நின்னுச்சு. பின்னால எடுத்தாரு. வாசல்ல தண்ணி பத்தல.

நான் மேக்கப் பாத்தேன். யா ரப்பே! வானத்துல பாதியக் காணோம். கறுப்பா ஒரு சுவரு, அடியில வெள்ளையா மழை. குளுகுளுன்னு ஒரு காத்து வந்து முகத்துல அடிச்சுது. சுமத்ரா வந்துட்டா முன்னால இருக்கிறது எதுவும் தெரியாது. உள்ளயே கிடந்தா, தண்ணி மறுபடி ஏறுறதுக்குள்ள அலெக்சாண்டர் தாங்க மாட்டாருன்னு எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

"ஏன் நிக்கிறீங்க? போங்க!"ன்னு பிரிஜட் அலறினா. "போட்டு உடைஞ்சா உடையட்டும், போங்கண்ணே!"

இவரு போகல. எஞ்சின மெதுவா ஓடவிட்டு, நின்னுக்கிட்டு, வெளியில பாத்தாரு. கப்பலுங்க போற கடல் பாதையில ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் கிழக்கால போய்க்கிட்டிருந்துச்சு. "தங்கச்சி, ஒரு நிமிஷம் பொறு. அந்தக் கப்பலு கிளப்பிவிட்ட தண்ணி நம்மகிட்ட வரணும்"னாரு. குரல் கொஞ்சங்கூட நடுங்கல. எனக்கு அவரு மேல பத்திக்கிட்டு வந்துச்சு. அதே நேரத்துல, அந்த ஆளு கையில என் உசிரக் குடுத்துட்டு நான் தூங்கிடுவேன்னும் தோணுச்சு. ரெண்டும் நெசந்தான்.

வந்துச்சு. முதல் அலை வாசலுக்கு ரெண்டு பக்கமும் பாறையில ஏறி வெள்ளையா உடைஞ்சுது. நடுவுல உடையல. கறுப்பா ஒரு மேடு உருண்டு உள்ள வந்து போட்டத் தூக்கி இறக்குச்சு. "இது இல்ல"ன்னாரு. ரெண்டாவது இன்னும் உயரம். அது வாசல்ல நுழையுறப்போ எஞ்சின முழுசா முறுக்கிவிட்டாரு. போட்டு மூக்கத் தூக்குச்சு. ரெண்டு பக்கமும் நுரையும் பல்லும், கை நீட்டினா பாறையத் தொடலாம். "யா முஹ்யித்தீன்!"னு நான் கண்ண மூடிக்கிட்டேன். அடியில ஒரு உரசல். மூணாவது அலை வந்து எங்களத் தூக்கினப்போ அந்தச் சத்தம் நின்னுபோச்சு. கண்ணத் தொறந்தா பாறையெல்லாம் பின்னால கிடக்கு.

பாதி வழியில சுமத்ரா எங்களப் பிடிச்சுது. மழை ஊசி மாதிரி குத்துச்சு. இவரு கரையப் பாத்து ஓட்டல, கரை எங்க தெரிஞ்சுது? முதுகுல காத்து அடிக்கிற பக்கத்த வச்சே ஓட்டினாரு. அலெக்சாண்டர் கத்துறத நிறுத்திட்டாரு. கத்தினப்போ இருந்ததவிட அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

பியர்லேர்ந்து ஆம்புலன்ஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர உள்ள தள்ளிக்கிட்டுப் போய் திரைய இழுத்துட்டாங்க. "இதயத் துடிப்பு சரியில்ல, காத்திருங்க"ன்னு நர்ஸு சொன்னாங்க. நாங்க மூணு பேரும் நனைஞ்ச துணியோட பெஞ்சுல உக்காந்திருந்தோம். பிரிஜட்தான் முதல்ல கேட்டா. கோவமா கேக்கல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

"உங்க தண்ணிக் கணக்கு தப்பவே தப்பாதேண்ணே. இன்னிக்கு எப்படித் தப்புச்சு?"

இவரு தரையப் பாத்துக்கிட்டு, "என் தப்புத்தான் தங்கச்சி. கணக்க நான் சரியாப் போடல"ன்னாரு. அப்பத்தான் எனக்கு அந்தக் காலண்டர் ஞாபகம் வந்துச்சு. பிறையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. என்னப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

எனக்கு எங்கேர்ந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சோ! "என்ன உங்க தப்பு? காலண்டர மாத்தச் சொன்னது யாரு? அத ஏன் முழுங்குறீங்க?"

"ரபியா, சும்மா இரு. காலண்டர்ல என்ன தப்பு? உன் பிறை சரியான பிறைதான்."

"என் பிறை சரின்னு எனக்குத் தெரியாதா? உங்க மாமா கணக்குக்கு அது ஒத்து வராதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

"அதத்தான் நானும் சொல்றேன், என் தப்புன்னு!"

"மறுபடியும் பாரு! உங்க தப்பு இல்லங்கிறேன்!"

நர்ஸு கதவுகிட்ட வந்து உஷ்ஷுன்னாங்க. நாங்க எங்க கேட்டோம். எட்டு வருஷக் குடித்தனத்துல முதல் தடவையா இந்த மனுஷன் என்கிட்ட கோவத்துல குரல ஒசத்திக் கத்துறாரு, நான் அழுதுக்கிட்டே திருப்பிக் கத்துறேன். பிரிஜட் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா.

அப்போ திரைக்கு உள்ளேர்ந்து ஒரு குரல் வந்துச்சு. கரகரன்னு, மெதுவா, ரொம்ப எரிச்சலா.

"சிஸ்டர்... அந்த ரெண்டு பேரையும் கீழ போய் சண்ட போடச் சொல்லுங்கலா. எனக்குக் கால் வலிக்குது."

பிரிஜட் செருப்பக்கூடப் போடாம உள்ள ஓடினா. எந்திரிச்சு நின்னு கத்திக்கிட்டிருந்த இவரு பெஞ்சுல பொத்துன்னு உக்காந்தாரு. அலைக்கு நடுவுல அசையாத அந்தக் கை ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. நான் பிடிச்சேன், நிக்கல. அதனால பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.